கொல்லைப்புறம்: ஜினியாவுக்கு எவ்வளவு தண்ணீர்?

"சித்திரை வெயிலில் எங்கள் வீட்டு ரோஜா கருகிவிட்டது. இந்த வெயிலுக்குத் தாங்குகிற மாதிரி, பார்க்கவும் அழகாக ஒரு பூச்செடி சொல்லுங்களேன்" என்று ஒரு சகோதரி கேட்டு எழுதியிருக்கிறார். பதில் கையிலேயே இருக்கிறது: ஜினியா. ஆனால் செடியின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் பாதிப் பதில்தான். மீதிப் பாதியைச் சொல்ல வேண்டுமானால், இந்த வருஷம் நான் பட்ட அவமானத்தையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். சொல்லிவிடுகிறேன், உங்களில் யாராவது ஒருத்தருக்காவது உதவும்.

எனக்குப் பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர், புகுந்த ஊர் ராஜபாளையம். பஸ் ஏறினால் அரை மணி நேரம். ஆனாலும் பூ விஷயத்தில் இரண்டு ஊருக்கும் ரொம்ப தூரம் என்று நான் பெருமையடித்துக்கொள்வது உண்டு. பெரியாழ்வார் நந்தவனம் வைத்த ஊர், துளசி அடியில் ஆண்டாள் கிடைத்த ஊர் அல்லவா எங்களுடையது! ஆண்டாள் சூடிய மாலை புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருமலைக்கும், சித்திரைத் திருவிழாவில் கள்ளழகருக்கு மதுரைக்கும் இன்றைக்கும் போகிறது. அந்த ஊரில் பிறந்தவளுக்குப் பூ வளர்க்கச் சொல்லித்தர வேண்டுமா என்ற எண்ணம்தான் என்னைக் கெடுத்தது.

தைப் பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பும்போது அம்மா ஒரு செய்தித்தாள் பொட்டலத்தைக் கையில் திணித்தார்கள். உள்ளே காய்ந்த ஜினியாப் பூக்கள். "இதழைப் பிடிச்சு இழு, அடியில அம்பு முனை மாதிரி இருக்கும். அதுதான் விதை. தண்ணிய மட்டும் அளவா ஊத்து" என்றார்கள். 'அளவா' என்ற அந்த ஒரு வார்த்தைதான் என் காதில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்ததும், கொல்லையில் பத்தடிக்கு மூன்றடியில் ஒரு பாத்தி கொத்தினேன். எங்கள் பக்கம் கரிசலும் உண்டு, மலையோரம் செம்மண்ணும் உண்டு. என் கொல்லை கரிசல். தண்ணீர் ஊற்றினால் களிமாதிரி பிடித்துக்கொண்டு லேசில் விடாது. அதில் இரண்டு கூடை மணலும் இரண்டு கூடை மட்கிய சாணி எருவும் கலந்தேன். அதுவரை எல்லாம் சரிதான். நாற்பது விதை ஊன்றினேன். ஐந்தாம் நாளே பச்சை எட்டிப் பார்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் ஒரு குடம், சாயந்திரம் ஒரு குடம், செடியின் தலையில் மழை மாதிரி பூவாளியால் தெளித்தேன்.

என் மாமியார், அதாவது எங்கள் அத்தை, கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு நாள் கேட்டேவிட்டார்கள்: "குடிதண்ணி பிடிக்கிறதுக்கே குடத்தைத் தூக்கிட்டு அலையுறோம். வாசமில்லாத பூவுக்கு தெனமும் ரெண்டு குடமா? சாமிக்கும் ஆகாது, தலைக்கும் ஆகாது."

எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்லவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து அத்தை கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்து ஊற்ற ஆரம்பித்தேன். மூன்றாவது குடமும் சேர்ந்துகொண்டது.

விளைவு என்ன தெரியுமா? பாதி நாற்று அடித்தண்டு அழுகிச் சாய்ந்தது. மிச்சமிருந்தவற்றின் இலையில் பழுப்புப் புள்ளி விழுந்தது. நெருக்கமாக நின்ற மூலையில் இலைமேல் கோலமாவு தூவினாற்போல் சாம்பல் பூத்தது. வெயில் தாளாமல்தான் வாடுகிறது என்று நினைத்து இன்னும் ஊற்றினேன்!

அப்போது என் மூத்த மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மாசிக் கடைசியில் பேத்தி பிறந்தாள். ஒரு நாள் காலையில் பின்வாசல் படியில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே செடிகளைப் பார்த்தவள், "ஏம்மா, இதே செடி ஆகாசத்துலயும் இப்படித்தான் ஆச்சாம்" என்று செல்போனில் படித்ததைச் சொன்னாள்.

பூமியைச் சுற்றிவருகிற சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2015 நவம்பரில் ஒரு சின்னப் பெட்டிக்குள் ஜினியா விதை முளைக்கவைத்தார்களாம். டிசம்பரில் பார்த்தால் ஈரம் மிஞ்சி, காற்றோட்டம் போதாமல், இலையில் பூஞ்சணம். விசிறியை வேகமாக வைத்தார்கள். அதில் செடி காய்ந்து வாட ஆரம்பித்தது. அடுத்த தண்ணீர் இன்ன தேதியில் என்று பூமியிலிருந்து அட்டவணை வந்திருந்தது. அங்கே இருந்த அமெரிக்க விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி, 'செடியை எதிரில் வைத்துப் பார்ப்பவன் நான். எப்போது தண்ணீர் என்பதை நானே முடிவு செய்கிறேன்' என்கிற மாதிரி கேட்டாராம். கீழே இருந்த விஞ்ஞானிகளும் ஒத்துக்கொண்டு, அட்டவணையை விட்டுவிட்டு, ஒரு பக்கத்துக்குக் குறிப்பு மட்டும் எழுதி அனுப்பினார்கள். 2016 ஜனவரியில் ஆரஞ்சு நிறத்தில் பூ விரிந்தது.

"அவர் கடிகாரத்தைப் பார்க்கலைம்மா, செடியைப் பார்த்தார்" என்றாள் மகள்.

படிப்பில் நான் பள்ளிக்கூடத்தோடு நின்றவள். ஆனால் இது நன்றாகப் புரிந்தது. பங்குனி பிறந்ததும் பழைய செடிகளைப் பிடுங்கி அப்புறப்படுத்திவிட்டு, பாத்தியை ஒரு வாரம் வெயிலில் காயவிட்டு, மிச்ச விதையைப் போட்டேன். இந்தத் தடவை செய்த முறையைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

விதைப்பு: ஜினியாவுக்கு வேரை அசைத்தால் பிடிக்காது. நாற்று எடுத்து நடுவதைவிட, இருக்கவேண்டிய இடத்திலேயே விதைப்பது நல்லது. கால் அங்குல ஆழம் போதும். நாளில் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் தண்டு நீண்டு இளைத்து, சாம்பல் நோயும் வரும். முளைத்த பின் கலைத்துவிட்டுச் செடிக்குச் செடி முக்கால் அடி முதல் ஒரு அடி இடைவெளி விடுங்கள். கலைக்க மனசு வராதுதான். ஆனால் இலைக்கு இலை காற்று புகுந்தால்தான் நோய் அண்டாது.

தண்ணீர்: இதுதான் முக்கியம். ஊற்றுவதற்கு முன் ஆள்காட்டி விரலை மண்ணில் இரண்டு அங்குலம் இறக்கிப் பாருங்கள். ஈரம் தட்டினால் இன்றைக்கு வேண்டாம். காய்ந்திருந்தால் காலை வேளையில், தூரில், நிதானமாக, ஆழமாக ஊறும்படி ஊற்றுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சம் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும், வெயிலுக்குச் சுருண்டுவிடும். தலையில் தெளிக்கும்போது இலை நனைகிறது. தெறிக்கிற தண்ணீர் புள்ளி நோயை ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகிறது. என் கரிசலில் செடி வேர்பிடித்த பிறகு இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தரம் போதுமாக இருந்தது. மணற்பாங்கான இடத்திலும், மாடித் தொட்டியிலும் தினமும்கூடக் கேட்கும். அதனால்தான் நாள் கணக்கு சொல்லாமல் விரல் கணக்கு சொல்கிறேன்.

இன்னொன்று. நடுமத்தியானம் ஜினியா இலை தொங்கும். பதறாதீர்கள். வெயில் இறங்கியதும் தானாக நிமிர்ந்தால் அதற்குத் தாகமில்லை. மறுநாள் காலையிலும் தொங்கிக்கொண்டே இருந்தால்தான் தண்ணீர் தேவை. அப்போதும் விரலை விட்டுப் பாருங்கள். மண் ஈரமாக இருந்தும் செடி தொங்கினால், வேர் அழுகுகிறது என்று அர்த்தம். நான் முதலில் செய்த தப்பு அதுதான்.

தூரைச் சுற்றித் தேங்காய் நாரோ, நிலக்கடலைத் தோலோ, காய்ந்த சருகோ இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்பினால் ஈரம் சீக்கிரம் காயாது. தண்டை ஒட்டிப் போடாமல் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைப்பவர்கள் அதில் தண்ணீர் நிற்க விடாதீர்கள். டெங்கு கொசு அந்தக் கொஞ்சத் தண்ணீரிலேயே முட்டையிட்டுவிடும். வாரம் ஒரு தரமாவது கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

கிள்ளுவதும் வெட்டுவதும்: செடி முக்கால் அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடித்துப் பூ பெருகும். விதைத்து ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பூக்கும். ஜாடியில் வைக்கப் பறிக்கிறீர்களா? பூவுக்கு எட்டு அங்குலம் கீழே தண்டைப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். தலை தொங்கி ஆடினால் இன்னும் முற்றவில்லை. விறைப்பாக நின்றால் வெட்டலாம். பல நாள் நிற்கும். வாடின பூவை அப்போதைக்கப்போது வெட்டினால் மொட்டு வந்துகொண்டே இருக்கும். விதைக்கென்று நல்ல பூ நாலைந்தை மட்டும் செடியிலேயே காயவிடுங்கள். கடையில் வாங்கிய ஒட்டு ரக விதையென்றால் அடுத்த தலைமுறை அதே நிறத்தில் வராமல் போகலாம், ஏமாறாதீர்கள்.

நோய்: சாம்பல் கண்ட இலையை உடனே கிள்ளி எடுத்துத் தூரப் போடுங்கள். ஆரம்பத்தில் ஒரு பங்கு புளித்த மோருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, காலையில் இலை சீக்கிரம் காயும்படி தெளித்தேன்; எனக்குப் பலன் தெரிந்தது. தொந்தரவே வேண்டாம் என்பவர்கள் 'புரொஃப்யூஷன்' என்று விற்கிற குட்டை ரகம் வாங்கலாம். வெயிலையும் தாங்கும், சாம்பல் நோயும் அதிகம் அண்டாது. ஆடிக் காற்றில் உயர ரகத்துக்குக் குச்சி ஊன்றிக் கட்ட மறக்காதீர்கள்.

தவழும் குழந்தையும் நாயும் உள்ள வீட்டுக்கு ஒரு வார்த்தை. ஜினியாவில் விஷமில்லை. கொல்லையில் அரளி வைத்திருப்பவர்கள்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அரளியில் இலை, பூ, காய், பட்டை எல்லாமே விஷம். ஜினியாவிலும் பூச்சிமருந்து தெளித்திருந்தால் பிள்ளையை அண்டவிடாதீர்கள்.

சரி, செடிப் பாடம் ஆயிற்று. அவமானம் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன்.

இரண்டாம் தடவை போட்ட செடிகள் முழங்கால் உயரம் வந்து நிற்கின்றன. சித்திரை மாதம். வெயில் நூறு டிகிரிக்குப் பக்கத்தில். ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போய்விட்டது. பேத்திக்கு இரண்டு மாதம்கூட நிறையவில்லை. வேர்த்து, முகம் சிவந்து, வீல் வீலென்று கத்துகிறாள். எனக்குப் பொறுக்கவில்லை. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைப் பாலாடையில் ஊற்றிக்கொண்டு வந்தேன்.

"வேண்டாம்மா. ஆறு மாசத்துக்குத் தண்ணி கொடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றாள் மகள்.

"ராஜபாளையத்து வெயில் அவங்களுக்குத் தெரியுமா? உன்னையும் உன் தங்கச்சியையும் நான் இப்படித்தான் வளர்த்தேன். பிள்ளைக்கு நாக்கு வறளுது. உன் பால் பத்தலைன்னா அதுக்குப் பிள்ளையா பொறுப்பு?"

கடைசி வாக்கியம் என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. மகள் முகம் சுண்டிவிட்டது. பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, "செடி விஷயத்துல புரிஞ்சது பிள்ளை விஷயத்துல புரியலையாம்மா ஒனக்கு?" என்றாள். அப்புறம் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. இராத்திரி அவள் தனியாக அழுததும், 'பால் பத்தலையோ, டப்பாப் பால் வாங்கலாமா' என்று மாப்பிள்ளையிடம் போனில் கேட்டதும் என் காதில் விழுந்தது. பாலாடைத் தண்ணீரைவிட என் வார்த்தைதான் பிள்ளைக்கு அதிகக் கெடுதல் செய்திருக்கிறது.

மூன்றாம் நாள் சுகாதார நர்ஸம்மா வீட்டுக்கு வந்தார். நானே முந்திக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. எடை போட்டுப் பார்த்தார், நன்றாக ஏறியிருந்தது. "ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போறா?" என்று கேட்டார். ஏழெட்டு தடவை என்றாள் மகள். "அப்புறம் என்னம்மா? ஆறு தடவைக்கு மேல போனா, எடையும் ஏறினா, பால் பத்துதுன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு, பொறுமையாக விளக்கினார்.

தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான். அதனால் எந்த வெயிலிலும் ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தனியாகத் தண்ணீர் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனமும் இதைத்தான் சொல்கிறது. சின்ன வயிறு தண்ணீரால் நிரம்பிவிட்டால் பிள்ளை குடிக்கிற பால் குறையும். குடிப்பது குறைந்தால் சுரப்பதும் குறையும். தண்ணீர் சுத்தமில்லாவிட்டால் வயிற்றுப்போக்கு வேறு. வெயில் காலத்தில் பிள்ளை அடிக்கடி கேட்கும். கேட்கும்போதெல்லாம் பால் கொடுப்பதுதான் அதற்குத் தண்ணீர். டாக்டர் எழுதிக்கொடுக்கிற மருந்து, சொட்டு மருந்து வேறு விஷயம்.

"கடிகாரத்தைப் பார்க்காதீங்க, பிள்ளையைப் பாருங்க" என்றார் நர்ஸம்மா. கைவிரலைச் சப்புவது, வாயைத் திறந்து தலையைத் திருப்பித் தேடுவது, இதெல்லாம் பசியின் அறிகுறி. அழுகை கடைசியில்தான் வருமாம். வாய் காய்ந்திருந்தால், உச்சிக்குழி உள்வாங்கியிருந்தால், சிறுநீர் குறைந்தால், பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் செய்யாமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார்: "தண்ணி கொடுத்தே ஆகணும்னா உங்க மகளுக்குக் கொடுங்கம்மா. பால் கொடுக்கிறவளுக்குத்தான் தாகம்."

அன்றிலிருந்து மகள் பிள்ளையை மடியில் போட்டால், நான் ஒரு செம்புத் தண்ணீரை அவள் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவேன். மன்னிப்பு என்று வாயால் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, "அம்மா, செம்பு காலி" என்று அவளே குரல் கொடுத்தாள். எனக்கு அது போதும்.

வைகாசி முதல் வாரத்தில் முதல் ஜினியா விரிந்தது. குங்குமச் சிவப்பு. அப்புறம் மஞ்சள், ஆரஞ்சு, ஊதா என்று பாத்தி நிறைந்துவிட்டது. கத்திரி வெயிலில் மல்லிகைகூடக் கொஞ்சம் முகம் வாட, இது மட்டும் நிமிர்ந்து நின்றது. மெக்ஸிகோதான் இதற்குப் பிறந்தகம். வெயில் பழகின செடி. ஜெர்மனியில் இருந்த ஜின் என்ற மருத்துவப் பேராசிரியர் பெயரைத்தான் இதற்கு வைத்திருக்கிறார்கள். 1759இல், முப்பத்தொரு வயதிலேயே அவர் காலமாகிவிட்டார். மனிதக் கண்ணின் அமைப்பைப் பற்றி 1755இல் புத்தகம் எழுதியவர். கண்ணின் வில்லையைப் பிடித்துக்கொண்டிருக்கிற மெல்லிய இழைகளையும் அவர் பெயராலேயே டாக்டர்கள் சொல்கிறார்கள். கண்ணைப் படித்தவர் பெயருள்ள செடியைக் கண்ணால் பார்க்காமல் நான் குடத்தால் வளர்த்தேனே என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அத்தை இன்னும் "வாசமில்லையே" என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அரிசி களைந்த தண்ணீரையும் காய்கறி கழுவின தண்ணீரையும் ஒரு வாளியில் சேர்த்துவைப்பது இப்போது அத்தையின் வேலை. உப்பும் சோப்பும் கலக்காமல் பார்த்துக்கொள்வதும் அவர்கள்தான். பாத்திக்கு அந்த ஒரு வாளியே போதுகிறது. குடிதண்ணீர்க் குடத்தைத் தொடுவதில்லை. நேற்றுக் காலையில் எட்டிப் பார்த்தேன். அத்தை குனிந்து, விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு வேண்டாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வாளியை முருங்கை மரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கேள்வி கேட்ட சகோதரியே, விதைத்துப் பாருங்கள். முதல் பூ விரிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அடுத்த இதழில் கொல்லை முருங்கையைக் கம்பளிப்பூச்சியிடமிருந்து காப்பாற்றுவது பற்றிப் பேசுவோம்.